மன்னார் வளைகுடாவில் காற்றாலைகள்: இடத்தைப் பேசுகிறோம், காலத்தை யார் பேசுவது?

பாம்பன் வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கடலில் காற்றாலை நிறுவுவது பற்றிய செய்திகளை நம்மில் பலரும் துண்டுதுண்டாகவே படித்து வருகிறோம் என்பதால், முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கடல்சார் காற்றாலைக்கான தேசியக் கொள்கை 2015இல் வந்தது. கடலடி நிலத்தைக் குத்தகைக்கு விடும் விதிகள் 2023 டிசம்பரில் வந்தன. 2024 தொடக்கத்தில் தமிழகக் கடற்பரப்பில் 4,000 மெகாவாட் அளவுக்கு ஏல அறிவிப்பு வெளியாகி, மறு ஆண்டு திரும்பப் பெறப்பட்டது. இதற்கிடையில் 2024 ஜூனில், குஜராத்தில் 500 மெகாவாட், தமிழகத்தில் 500 மெகாவாட் என முதல் திட்டங்களுக்கு 7,453 கோடி ரூபாய் உதவியை ஒன்றிய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. தமிழகத்தின் கடற்காற்றில் மட்டும் ஏறத்தாழ 35,000 மெகாவாட் வாய்ப்பு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே இந்தத் திட்டம் கைவிடப்படவில்லை, சற்று ஓய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஓய்வு நேரத்தில்தான் நாம் பேச வேண்டும்.

என்னை எழுதத் தூண்டியது ஒரு வரைபடம். கருத்துக் கேட்பு என்று அழைக்கப்பட்ட ஒரு கூட்டத்தில் அதைத் திரையில் காட்டினார்கள். கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் பச்சை நிறத்தில் இருந்தன. கப்பல் வழி கோடாக இருந்தது. காற்றாலைக்கு ஏற்ற பகுதிகள் நீலக் கட்டங்களாக இருந்தன. மற்ற இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. எனக்கு அருகில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் நாற்பது ஆண்டு கடலுக்குப் போனவர். அவர் அந்த வெள்ளையைக் காட்டி, "தம்பி, நாம தொழில் பண்ற பார் எல்லாம் இதுல எங்க இருக்கு?" என்று மெல்லக் கேட்டார். அதற்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை.

பார்களையும் (மீன் தங்கும் கடலடித் திட்டுகள்) பாடுகளையும் (வலை விடும் இடங்கள்) வரைபடத்தில் சேர்க்க வேண்டும் என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. நான் சொல்ல வருவது அதற்கும் அப்பால் உள்ள ஒன்று. ராமேசுவரம் தீவில் பிறந்தவர்களுக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல்கள் உண்டு. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஓங்கி வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை திரும்பியதும் இது தலைகீழாகும். நம் தொழில் இந்தக் காற்றைப் பின்பற்றியே இடம் மாறுகிறது. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்துக் கடலைப் பகிர்ந்துகொள்ளும் ஊர் இது. ஒரே நீர்ப்பரப்பை ஒருவர் பின் ஒருவராகப் பயன்படுத்துவதே இங்குள்ள பழக்கம். ஆனால் குத்தகை என்பது முப்பத்தைந்து ஆண்டுகள் வரை ஓர் இடத்தை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பது. இடத்தைக் கட்டம் கட்டிப் பிரிக்கும் முறைக்குள் காலத்தைப் பகிரும் பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆரல்வாய்மொழி

வாத்தியார் ஐயா, நான் இருபது ஆண்டுகளாகத் தரைக் காற்றாலைத் துறையில் பணிபுரியும் பொறியாளன். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை என்று கருதுகிறேன்.

கடலில் காற்றாலை வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அதற்குக் காரணமும் இந்தக் கடல்தான். மன்னார் வளைகுடாவில் நீர் சூடேறி முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்) வெளுத்தது 2010இல் ஒரு முறை, 2016இல் இன்னொரு முறை. 2016இல் வெளுத்த பிறகு செத்தவை சுமார் 16 விழுக்காடு என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடலைச் சூடாக்குவது நிலக்கரியும் எண்ணெயும் விடும் புகை. தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1,050 மெகாவாட் திறனோடு இந்த வளைகுடாவின் கரையிலேயே நிற்கிறது. அதன் சுடுநீரும் சாம்பலும் போய்ச் சேர்வது எங்கே என்பதைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தமிழகத்தில் காற்றாலைத் தொழில் 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் தொடங்கியது. தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இனி அளவுகளைப் பார்ப்போம். 500 மெகாவாட் என்றால், ஒன்று 10 மெகாவாட் எனக் கொண்டாலும் 50 காற்றாலைகள். ஒன்றுக்கொன்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விட வேண்டியிருப்பதால், மொத்தத்தில் 80 முதல் 100 சதுர கிலோமீட்டர் வரை பரவும். ஒவ்வொரு கட்டுமானத்தையும் சுற்றி அதிகபட்சம் 500 மீட்டர் பாதுகாப்பு வளையம் போடலாம் என்று பன்னாட்டுக் கடல் சட்டம் சொல்கிறது. அந்த வளையத்துக்குள் படகு வரலாமா, வலை விடலாமா என்பதை அந்தந்த நாடு முடிவு செய்கிறது. பிரிட்டன் தன் காற்றாலைகளுக்கு நடுவே படகுகள் செல்ல விடுகிறது. பெல்ஜியம் விடுவதில்லை. இதில் நாம் எதைக் கேட்டுப் பெறுவது என்பது இப்போதே எழுத வேண்டிய விஷயம், குத்தகை கையெழுத்தான பின்பு பேசிப் பயனில்லை.

காலத்தைப் பற்றிய உங்கள் கேள்வி என்னை யோசிக்க வைத்தது. எங்கள் துறையில் மே முதல் செப்டம்பர் வரை காற்றுக்காலம் என்போம். உங்கள் கச்சானும் அதுவேதான். மின்சாரம் கிடைப்பது அப்போது. ஆனால் கட்டுவது அப்போது நடக்காது. கால்கள் ஊன்றி நிற்கும் கப்பலிலிருந்து நூற்றுக்கணக்கான டன் எடையைத் தூக்கிப் பொருத்த வேண்டும். அலை ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் அநேகமாக வேலை நின்றுவிடும். ஆகவே காற்று அடங்கிய மாதங்களில்தான் கட்ட முடியும். வாடையும் புயலும் போன பிறகு, கச்சான் எழும்புவதற்கு முன்பு, பிப்ரவரி தொடங்கி மே தொடக்கம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சங்குகுளி திரேஸ்புரம்

அண்ணாச்சி, நீங்கள் கடைசியில் சொன்னதைப் படித்ததும் நெஞ்சில் ஏதோ அடைத்தது போல இருந்தது. நீங்கள் சொல்லும் மாதங்கள் எங்களுடைய மாதங்கள்.

என் அப்பா சங்கு குளித்தவர். நானும் பன்னிரண்டு ஆண்டுகள் குளித்தேன். சங்கு குளிப்பதற்குக் கடல் அடங்கியிருந்தால் மட்டும் போதாது, நீர் தெளிந்திருக்க வேண்டும். கலங்கல் நாளில் கீழே இறங்கினால் முகக்கண்ணாடிக்கு முன்னால் சொந்தக் கையே தெரியாது. மணலுக்குள் முக்கால் பங்கு புதைந்து கிடக்கும் சங்கைக் கண்டுபிடிப்பது அது நகர்ந்த தடத்தை வைத்துத்தான். மணலில் விரலால் கோடு இழுத்தது போல ஒரு தடம் போகும். அந்தத் தடத்தின் முடிவில் சிறு மேடாக மணல் உப்பியிருக்கும். அங்கே கையை விட்டால் சங்கு கிடைக்கும். மேலே வந்ததும் வளையத்தில் விட்டுப் பார்ப்போம். வளையத்துக்குள் நுழைந்து விழும் சிறு சங்கைத் திரும்பக் கடலிலேயே போட்டுவிட வேண்டும் என்பது பழைய விதி. தை பிறந்து சித்திரை முடியும் வரை அப்படிப்பட்ட தெளிந்த நாட்களை எதிர்பார்த்தே எங்கள் குடும்பங்கள் கடன் வாங்குகின்றன, கடன் அடைக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்பு, எந்தத் திட்டத்துக்கு என்று எங்களுக்குச் சொல்லப்படாத ஓர் ஆய்வுக் கலம் இதே மாதங்களில் வந்து கடலடியைத் துளைத்தது. அவர்கள் யாருடைய வலையையும் அறுக்கவில்லை, யாரையும் விரட்டவும் இல்லை. ஆனால் நீரோட்டம் எங்கள் பக்கமாக இருந்ததால், அந்தக் கலங்கல் தெளியும் வரை நாங்கள் கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். அது யாருடைய கணக்கிலும் ஏறவில்லை. இடத்தால் நாங்கள் அவர்களிடமிருந்து வெகு தொலைவில் இருந்தோம் என்பதால் எங்களைப் பாதிக்கப்பட்டவர்களாக எவரும் எண்ணவே இல்லை. வாத்தியார் சொன்ன வரைபடத்தில் எங்கள் சங்குப் பார்களைக் குறித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

கடற்புல் மண்டபம்

நான் கடற்புல் படுகைகளை ஆய்வு செய்பவள். சங்குகுளி அண்ணன் எழுதியதை வேறொரு பக்கத்திலிருந்து உறுதிப்படுத்த விரும்புகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடலில் படகுகள் இல்லாத நேரம் இது என்பதால், அந்த நாட்களில் கட்டுமானத்தை வைத்துக்கொண்டால் யாருக்கும் தொந்தரவு இல்லையே என்று திட்டமிடுபவர்களுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதற்காகத்தான் அந்தத் தடையே போடப்பட்டது. கடல் வெப்பம் உச்சத்துக்குப் போய் முருகைக்கல் வெளுக்கத் தொடங்குவதும் ஏப்ரல், மே மாதங்களில்தான். வெளுத்த முருகைக்கல் என்பது தன் உணவைச் சமைத்துத் தரும் நுண்பாசியை இழந்து பட்டினி கிடக்கும் உயிர். அந்த நேரத்தில் அதன் மேல் கூடுதலாக ஒரு படலம் வண்டல் படிந்தால், அதை உதறித் தள்ளவும் அதற்குத் தெம்பு இருக்காது. வேறு எந்த மாதத்திலும் தாங்கிக்கொள்ளக்கூடிய கலங்கலை அது மே மாதத்தில் தாங்காது.

ஓசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூண்களைக் கடலடியில் சம்மட்டியால் அறையும்போது எழும் ஓசை நீருக்குள் பல கிலோமீட்டர் செல்லும். ஜெர்மனியில் அறையும் இடத்திலிருந்து 750 மீட்டர் தொலைவில் 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்காகத் தூணைச் சுற்றிக் காற்றுக்குமிழிகளால் திரை போடுகிறார்கள். நம்மிடம் இப்படி எந்த வரம்பும் இதுவரை பேசப்பட்டதாக நான் அறியவில்லை.

நம் கடலில் இது ஏன் முக்கியம் என்றால், இங்கே ஆவுளியா என்னும் கடற்பசு இருக்கிறது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் அறிவித்தபோது, நாட்டில் மொத்தமே சுமார் 240 கடற்பசுக்கள்தான் இருக்கின்றன என்று சொல்லப்பட்டது. பல ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே ஒரு குட்டி ஈனும் விலங்கு அது. ஒருநாள் காலை நீர் வற்றிய வேளையில், கடற்புல் படுகையின் மேல் மூழ்குகண்ணாடியோடு மிதந்துகொண்டிருந்தேன். பசும்புல்லுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மணல் தெரிந்தது. அது வளைந்து வளைந்து எட்டுப் பத்து மீட்டர் போயிற்று. புல்லை வேரோடு தின்றுகொண்டே ஆவுளியா போன பாதை அது. ஓரங்களில் பிய்ந்த வேர்கள் இன்னும் வெள்ளையாக இருந்தன, அதாவது இரவு வந்து மேய்ந்திருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு ஆய்வில் உயிரோடு அதை நான் கண்டது மூன்று முறைதான். மேய்ச்சல் தடத்தை நூறு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

காற்றாலைகள் தீவுகளுக்கு அப்பால் ஆழத்தில் நிற்கலாம். ஆனால் மின்வடம் கரையேறித்தான் ஆக வேண்டும். கரையேறும் வழியில் கடற்புல் இருக்கிறதா, முருகைக்கல் இருக்கிறதா என்பதே என் முதல் கேள்வி. காற்றாலை எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்கள், வடம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

அலைவழி

சுற்றுலாத் தரப்பிலிருந்து ஒருவராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் ராமேசுவரம் பகுதியில் காற்றாடிப் பலகைச் சறுக்கலும் மூழ்குகண்ணாடி நீச்சலும் கற்றுத் தருபவன்.

பெரியவர்கள் எங்களை விருந்தாளிகளாகவே பார்க்கிறார்கள். எங்களில் பலர் இந்த ஊர் மீனவர்களின் பிள்ளைகள் என்பதை மறந்துவிட வேண்டாம். பிரப்பன்வலசை, ஏர்வாடி, குந்துகால், வடக்கே காரங்காட்டு அலையாத்திக் காடு என்று வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாவில் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. நாங்களும் கச்சானுக்கு ஒரு கரை, வாடைக்கு ஒரு கரை என்றுதான் இடம் மாறுகிறோம். வாத்தியார் சொன்ன இரண்டு கடல் கணக்கு எங்களுக்கும் அப்படியே பொருந்தும். கண்ணாடி அடித்தளப் படகில் முருகைக்கல் பார்க்க வருபவர்களுக்கு வேண்டியதும் சங்குகுளி அண்ணன் சொன்ன அதே தெளிந்த நீர்தான். ஆக, தை முதல் சித்திரை வரையிலான நாட்களுக்கு இப்போது நான்கு பேர் வரிசையில் நிற்கிறோம்.

எங்கள் பக்கத்துக் குறையை மறைக்கவும் நான் விரும்பவில்லை. ஒருமுறை விடுமுறைக் கூட்டத்தில், அனுபவமில்லாத ஒரு படகோட்டி மணல்திட்டு என்று நினைத்து நங்கூரத்தை முருகைக்கல் மேல் இறக்கிவிட்டார். நான் கீழே போய்ப் பார்த்தபோது, தாம்பாளம் போல விரிந்திருந்த கல் ஒன்று நடுவில் பிளந்து, ஒரு பாதி கவிழ்ந்து கிடந்தது. கவிழ்ந்த பக்கத்துக்கு அடியில் சிறு மீன்கள் ஒண்டுவதற்கு இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த அளவு வளர எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று பின்னர் கேட்டறிந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து நாங்கள் நிலைமிதவை கட்டி, அதில்தான் படகைப் பிணைக்கிறோம். ஓசையோ கலங்கலோ இல்லாமல், வெறும் கவனக்குறைவாலும் கடல் கெடும். எனவே கட்டுப்பாடு என்று வந்தால் அது எங்களுக்கும் சேர்த்தே வர வேண்டும்.

இடிந்தகரை

மன்னிக்க வேண்டும், நான் இங்கே மாறுபடுகிறேன். எந்த மாதத்தில் கட்டலாம் என்று நீங்கள் அனைவரும் பேசத் தொடங்கிவிட்டீர்கள். கட்டலாமா என்ற கேள்வியை எப்போது தாண்டினோம்?

கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. அதற்காக எங்கள் ஊர் எதையெல்லாம் தாங்கியது என்பதை 2011, 2012ஆம் ஆண்டுகளின் செய்தித்தாள்களைப் புரட்டினால் காணலாம். சேதுக் கால்வாய்க்காக 2005இல் தூர்வாரத் தொடங்கினார்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேடுவதற்கு மூன்று தொகுதிகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. 2025இல் மன்னார் வளைகுடாவை ஒட்டி ஏறத்தாழ 9,990 சதுர கிலோமீட்டர் தொகுதி ஒன்றும் ஏலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் சிறிதாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள், எங்கள் வள்ளம் போவதற்கு எது மிச்சம் என்று. எங்களுக்கு இந்தத் துறை, அந்தத் துறை என்ற வேறுபாடு தெரியாது. கடலில் ஒரு வேலி என்றால் அது வேலிதான்.

ஆரல்வாய்மொழி

இடிந்தகரை நண்பரே, உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. எல்லாத் திட்டங்களையும் ஒரே தாளில் வரைய வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். புதுச்சேரியில் நார்வே நாட்டு உதவியோடு கடல்வெளித் திட்டமிடல் என்ற பெயரில் அப்படியொரு முயற்சி தொடங்கியிருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவுக்கு அது அதைவிட அவசரமாகத் தேவை.

ஆனால் எண்ணெய்க் கிணற்றையும் காற்றாலையையும் ஒரே வரிசையில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எண்ணெய் கசிந்தால் அது பல பத்தாண்டுகள் கரையை விடாது. எடுத்த எண்ணெயை எரித்தால் கடல் மேலும் சூடாகும். காற்றாலைக்கு இவ்விரண்டும் கிடையாது. அதற்காக அதில் விபத்தே நேராது என்றும் நான் சொல்லவில்லை. 2024 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலில், 107 மீட்டர் நீளமுள்ள இறக்கை ஒன்று உடைந்து, அதன் கண்ணாடி இழைத் துண்டுகள் நான்டக்கெட் தீவுக் கரையெங்கும் ஒதுங்கின. கோடை விடுமுறையின் உச்சத்தில் கடற்கரைகளை மூடினார்கள். சுற்றுலாவை நம்பியிருக்கும் தீவு அது. ராமேசுவரத்தில் அப்படி நேர்ந்தால் யார் பொறுக்குவது, யார் ஈடு கொடுப்பது என்பது குத்தகைப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும்.

அதே நாட்டில் நல்ல முன்மாதிரி ஒன்றும் உண்டு. ரோட் தீவு மாநிலத்தில் காற்றாலைக்கு இடம் கொடுப்பதற்கு முன்பாகவே மீன்பிடிப்பு, படகுப் பந்தயம், மூழ்குநீச்சல், பறவைகள், திமிங்கிலங்கள் என எல்லாவற்றையும் பதிந்து, 2010இல் ஒரு கடல் திட்டத்தை வகுத்தார்கள். அதன்படி பிளாக் தீவுக்கு அருகே ஐந்து காற்றாலைகள், 30 மெகாவாட், 2016 இறுதியில் ஓடத் தொடங்கின. தூண்டில் போடுபவர்கள் இப்போது அந்தத் தூண்களைத் தேடிப் போகிறார்கள். தூண்களில் சிப்பியும் பாசியும் படிய, அவற்றை நாடி மீன் வந்து நிற்கிறது. நம் பார்களில் நடப்பதும் அதுதானே. ஐந்தில் தொடங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். நாமோ 4,000 மெகாவாட்டில் தொடங்க நினைத்தோம். அது பிழை என்று இத்துறையில் இருந்துகொண்டே சொல்கிறேன்.

இடிந்தகரை

ஐந்து என்றால் உட்கார்ந்து பேசலாம். நீங்கள் துறைக்குள் இருந்துகொண்டு இதை எழுதியதை மதிக்கிறேன். எண்ணெய்த் தொகுதிகளை எதிர்ப்பதில் நாம் ஒன்றாக நிற்போம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஆரல்வாய்மொழி

தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

மன்னார்க் கரை

எல்லோருக்கும் வணக்கம். நான் கடலின் மற்றக் கரையிலிருந்து, இலங்கையின் மன்னாரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இப்போது பேசுவதை நாங்கள் சில வருடங்களாக அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்களுடைய தீவின் தென்கரையில் தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட், நிற்கின்றன. பிறகு மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட்டுக்கு ஒரு பெரிய திட்டம் வந்தது. வழக்குகளுக்கும் விலை பற்றிய இழுபறிக்கும் பிறகு, 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் அதிலிருந்து விலகிக்கொண்டது. அதே வருடம் இன்னொரு திட்டத்துக்காக உதிரிப்பாகங்கள் வந்து இறங்கியபோது, சனம் வீதியில் இரவு பகலாக நின்றது. எங்களுடைய காற்றாலைகள் தரையில்தான் நிற்கின்றன, ஆனாலும் கரைவலைத் தொழிலாளர்களும் பறவை ஆர்வலர்களும் ஒரே பந்தலில் இருந்தார்கள்.

பறவைகளைப் பற்றி இந்த இழையில் இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் பாதை எங்கள் இரு கரைகளுக்கும் பொதுவானது. வங்காலைச் சரணாலயத்தில் நாங்கள் பார்க்கும் பூநாரைகளும் உங்கள் தனுஷ்கோடியில் நிற்பவையும் வேறு வேறு அல்ல. தனுஷ்கோடியில் 2025 ஜூனில் உங்கள் அரசு பூநாரைகளுக்கு ஒரு சரணாலயம் அறிவித்ததை நாங்கள் மகிழ்ச்சியோடு வாசித்தோம். அவை வருவதும் போவதும் மாதக் கணக்குத்தான். ஆகவே வாத்தியார் கேட்கும் காலக் கணக்கில் பறவைகளுக்கும் ஒரு வரி வேண்டும். அதை எழுதும்போது எங்கள் கரையையும் சேர்த்து எழுதுங்கள். பறவை வரும்போது எல்லைக் கோட்டைப் பார்ப்பதில்லை, காற்றாலை நடுவது மட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தனித்தனியாக முடிவாகிறது.

சின்னப்பாலத்து மகள்

என் அம்மா கடற்பாசி எடுப்பவர். அவருக்கு எழுதத் தெரியாததால், நான் படித்துக் காட்டிய பிறகு அவர் சொன்னதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்தவர்கள். பூங்கா வந்தபோது எங்களிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் கைப்பைகளைப் பறித்த நாட்களும் உண்டு. பிறகு பெண்கள் தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் மட்டும் பாசிக்குப் போவது, மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் 45 நாட்கள் போகவே போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். முருகைக்கல்லைப் பெயர்க்காமல் கையால் மட்டும் எடுப்பது என்றும் வைத்துக்கொண்டார்கள். இந்தக் கட்டுப்பாட்டுக்காகச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது.

அம்மா சொன்னது இதுதான். "எங்களுக்கு நாள் குறிக்க யாரும் சொல்லித் தரல. பாசி திரும்ப முளைக்க எத்தனை நாளாகும்னு எங்களுக்குத் தெரியும், அதை வெச்சு நாங்களே குறிச்சோம். வர்றவங்க அந்த நாளை எங்ககிட்ட கேட்டா சொல்லுவோம்." பொறியாளர் ஐயா குறிப்பிட்ட ரோட் தீவுத் திட்டத்தைப் பற்றி நான் கூறியபோது, அங்கே பெண்களைக் கேட்டார்களா என்று அம்மா கேட்டார்.

பாம்பன் வாத்தியார்

படித்து முடித்துச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றாமல் இருந்தேன். நான் ஒரு கேள்வியோடு வந்தேன், நீங்கள் அதற்கு உருவம் கொடுத்துவிட்டீர்கள். இந்த இழையிலிருந்து எனக்குத் தெளிவானது இது. கட்டுமானக்காரருக்கு வேண்டிய அமைதி, சங்குகுளிக்கு வேண்டிய தெளிவு, சுற்றுலாப் பயணிக்கு வேண்டிய நீர், முருகைக்கல்லுக்கு வேண்டிய ஓய்வு ஆகிய நான்கும் தை முதல் வைகாசி வரையிலான அந்த நாலைந்து மாதங்களின் மேல்தான் விழுகின்றன. அந்த நெருக்கடி எந்த வரைபடத்திலும் தெரியாது, ஏனென்றால் நான்கு பேரும் நான்கு வேறு இடங்களில் நிற்கிறார்கள். நாட்காட்டியில் மட்டும்தான் அது தெரியும்.

எனவே வரைபடத்தோடு ஒரு கடல் நாட்காட்டியையும் நாமே எழுதி, மாவட்ட மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம் என்று முன்மொழிகிறேன். ஒவ்வொரு படகுத்துறையிலும் எந்த மாதம், எந்தக் காற்று, எந்த நீவாடு (நீரோட்டம்), எந்தத் தொழில், எந்த ஆழம் என்று இருக்க வேண்டும். தூண் அறைவதை ஏப்ரல் 15க்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதையும், கடல்நீர் வெப்பம் வெளுப்பு நிலைக்கு ஏறினால் எந்தத் தேதியானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்பதையும், கலங்கலால் கரையில் உட்காரும் நாட்களுக்குச் சங்குகுளிகளுக்குக் கூலி உண்டு என்பதையும் நிபந்தனைகளாகச் சேர்க்கலாம். மின்வடம் கரையேறும் இடத்தைக் கடற்புல் மண்டபம் அம்மா போன்றோர் நீரில் இறங்கிப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். கட்டும் காலம் இதனால் ஓர் ஆண்டுக்குப் பதில் மூன்று ஆண்டுகள் நீளும், செலவும் கூடும். பொறியாளர் ஐயா, அந்தக் கூடுதல் செலவைத் தாங்க முடியுமா?

ஆரல்வாய்மொழி

நேர்மையாகச் சொன்னால், பெரிய திட்டத்தில் தாங்குவது கடினம். வாடகைக் கப்பலை ஆண்டுக்கு இரண்டு மாதம் மட்டும் அழைத்து வருவது மிகுந்த செலவு. ஐந்து, பத்து காற்றாலைகள் என்றால் ஒரு பருவத்திலேயே முடித்துவிடலாம். ஆகவே உங்கள் நாட்காட்டி, திட்டத்தின் அளவையும் தானே தீர்மானித்துவிடும். இது எனக்கு இன்றுவரை தோன்றாத கோணம். டென்மார்க்கில் கோபன்ஹேகன் கரைக்கு எதிரே 20 காற்றாலைகள், 40 மெகாவாட், 2000ஆம் ஆண்டு முதல் ஓடுகின்றன. அவற்றில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் பங்கு போட்ட கூட்டுறவுக்குச் சொந்தம். சிறிய அளவில் தொடங்கும்போது மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பங்கு கேட்பதையும் உங்கள் மனுவில் ஒரு வரியாகச் சேருங்கள். கணக்குப் போட்டுத் தருவதற்கு நான் வருகிறேன்.

இடிந்தகரை

எங்கள் பக்கத்து நாட்காட்டியை ஊர்க் கமிட்டியில் கேட்டு எழுதித் தருகிறேன். பங்கு பற்றி இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன், ஊர் கூடித்தான் சொல்ல வேண்டும். எங்கள் கடல் கரையிலிருந்தே சட்டென்று ஆழமாகப் போகும், உங்கள் தீவுக் கடலைப் போலச் சமதளம் கிடையாது. அதனால் எங்களுடையதைத் தனித் தாளாக வையுங்கள்.

சங்குகுளி திரேஸ்புரம்

வாத்தியார் கேட்டபடி எங்களுடையதைத் தொடங்கிவைக்கிறேன். அப்பாவிடமும் இன்னும் இரண்டு பழைய சம்மாட்டிகளிடமும் (படகு உடைமையாளர்கள்) கேட்டு எழுதியது. பிழை இருந்தால் ஏர்வாடி, கீழக்கரை சங்குகுளிகள் திருத்துங்கள்.

தை: வாடை தளர்கிறது. மாதத்தின் பின்பாதியில் நீர் தெளியத் தொடங்கும். கரைக்கு அருகில் உள்ள பார்களில் மட்டும் குளிக்கலாம்.

மாசி: ஆண்டின் மிகத் தெளிந்த நீர். எல்லாப் பார்களிலும் தொழில் உண்டு. காலை ஆறு மணி முதல் பகல் ஒரு மணி வரை.

பங்குனி: காலையில் காற்றே இராது, பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து இளங்காற்று எழும்பும். ஆழமான பார்களுக்குப் போகும் மாதம். இந்த மாதம் கலங்கினால் அந்த ஆண்டுக் கடன் அடையாது.

சித்திரை: முன்பாதி மட்டும். பின்பாதியில் சோழகம் (தென்காற்று) திரும்பி, அடியில் மணல் புரளத் தொடங்கும். இந்த நாட்களில் நீர் மேலே சூடாகவும் கீழே குளிராகவும் இருந்த காலம் போய், இப்போது கீழேயும் சூடாக இருக்கிறது என்று அப்பா குறிக்கச் சொன்னார்.

வைகாசி முதல் ஆவணி வரை: கச்சான். குளிப்பது இல்லை.

புரட்டாசிக்கு மேல் நாளை எழுதுகிறேன்.